புதன்கிழமைக் குடையும் ஒரு சுழியும்

ஸ்கார்பெக் ஊரில் ஹோரஸ் லம் அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்தவர். சம்பளமே அதற்குத்தான் வாங்கினார். கம்பளி ஆலையில் வடக்குப் பார்த்த பெரிய ஜன்னலோரம், நெய்து வந்த துணியை உருளைமேல் இழுத்துவிட்டு, எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று பார்த்துச் சாக்குக்கட்டியால் கோடு போடுவார். முப்பத்தெட்டு வருஷம் அந்த வேலை. வீட்டிலும் கண் சும்மா இருக்காது. ரொட்டியைக்கூட வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கடிப்பார் என்று மேவிஸ் சொல்வாள். மேவிஸ் அவர் மனைவி. கல்யாணத்துக்கு முன்னால் தன்னையும் அப்படித்தான் ஜன்னலோரம் நிறுத்தித் திருப்பிப் பார்த்தார் என்று கூடவே சேர்த்துக்கொள்வாள்.

வேலை முடிந்தால் பேண்டு. ஆலைக்கென்று ஒரு பித்தளை பேண்டு இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் பேண்டு இல்லாத ஆலையை யாரும் ஆலையாக மதிப்பதில்லை. ஹோரஸ் அதில் முதல் யூஃபோனியம். மடியில் குழந்தையை வைத்துக்கொள்வதுபோல் அணைத்துக்கொண்டு ஊதவேண்டிய கனத்த வாத்தியம் அது. சத்தம் என்னவோ மெத்தென்று இருக்கும். அதை ஊதுகிற மனிதரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

பக்கத்து நாற்காலியில் இரண்டாவது யூஃபோனியம் பெர்சி தாக்ரே. ஹோரஸின் வயதுதான், ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர். ஒத்திகையில் பெர்சி ஓர் இடத்தில் சறுக்கினால் போதும், ஹோரஸ் வாத்தியத்தைக் கீழே இறக்கிவிடுவார்.

“பெர்சி, அந்த இடத்துல என்ன போட்டிருக்கு?”

“ஷார்ப் போட்டிருக்கு. அரை ஸ்வரம் ஏத்தணும்.”

“நீ என்ன ஊதினே?”

“ஷார்ப் இல்லாம ஊதிட்டேன்.”

“எழுதினதை ஊதறதுக்கு மூளைகூட வேணாம்ப்பா. கண்ணு போதும். கடவுள் உனக்கு ரெண்டு குடுத்திருக்காரே, ஒண்ணையாவது பேண்டுக்குக் கொண்டுவரக்கூடாதா?”

இருபத்தைந்து பேர் முன்னால் இப்படி. பெர்சி பேசாமல் அந்த வரியைத் திரும்ப ஊதுவார். பேண்டு மாஸ்டர் பீவர்ஸ் கூரையைப் பார்ப்பார். வாரம் இரண்டு ஒத்திகை, வருஷத்துக்கு நூறு. எழுதினதை ஊது, எழுதாததை ஊதாதே என்பதுதான் ஹோரஸின் வேதம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கேட்ட வேதத்தில்கூட அவருக்கு ஒன்றிரண்டு சந்தேகம் இருந்தது. இதில் கிடையாது.

இப்படிப்பட்டவர்தான் ‘புதன்கிழமைக் குடை’ பாட்டில் அந்த ஊதலை ஊதியவர். நாடே அறிந்த பாட்டு அது. வெல்வெட் கெட்டில்ஸ் என்று மான்செஸ்டர் பையன்கள் நாலு பேர், அறுபத்தேழாம் வருஷம், இசைத்தட்டு விற்பனையில் ஐந்து வாரம் முதலிடம். நடுவில் கிட்டாரெல்லாம் ஓய்ந்ததும் ஒரு பித்தளைக் குரல் மட்டும் எழுந்து, மேலே போய், போன இடத்தில் நிற்க முடியாமல் அழுதுகொண்டு இறங்குமே, அந்த இடத்தைக் கேட்டுக் கண் கலங்காத ஆள் குறைவு.

பாட்டு பிரபலமாகிவிட்டால் அதற்கு ஒரு பிறந்த கதை வேண்டியிருக்கிறது. இந்தப் பாட்டுக்கு நாலு கதை. பாடகன் ஜூலியன் ஃப்ராஸ்ட் பத்திரிகைகளில் சொன்னது: சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் அம்மா மழையில் குடையோடு காத்து நிற்பாளாம், அந்த ஏக்கம்தான் ஒரு நாள் கனவில் பித்தளைக் குரலாகக் கேட்டதாம். (அந்த அம்மா ஸ்டாக்போர்ட்டில் நூல்கண்டுக் கடை வைத்திருந்தாள். “நான் எப்ப மழையில நின்னேன்? எங்ககிட்ட கார் இருந்துச்சே” என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.) தயாரிப்பாளர், லிவர்பூல் துறைமுகத்தில் பனிமூட்டத்தில் கப்பல் ஊதியதைக் கேட்டுத் தனக்குத் தோன்றியது என்றார். வாத்தியங்களுக்கு ஸ்வரம் எழுதிக் கொடுத்த லயனல் பிராட், ஹங்கேரி நாட்டு ஒப்பாரிகளை ஆறு மாதம் ஆராய்ந்ததன் பலன் என்றார். டிரம்ஸ்காரர், யோசனை தன்னுடையது என்றார். அவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

ஹோரஸைக் கேட்டால் ஒரே பதில். “எழுதினதை ஊதினேன்.”

நடந்தது இதுதான். ஒரு பாட்டுக்கு யூஃபோனியம் ஊத ஆள் வேண்டும் என்று அழைப்பு வர, ஒரு சனிக்கிழமை ஹோரஸ் வாத்தியப் பெட்டியோடு மலை தாண்டும் பஸ் பிடித்து மான்செஸ்டர் போனார். வெளியில் வாசிக்கப் போவதென்றால் பேண்டு சீருடை போட்டுத்தான் அவருக்குப் பழக்கம். சிவப்புக் கோட்டு, தோளில் பொன் சரிகை, இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான். ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் நீள முடிப் பையன்கள் நாலு பேரும் வாயைப் பிளந்துகொண்டு சுற்றி வந்தார்கள்.

“சார், இந்தக் கோட்டு எந்தக் கடையில வாங்கினீங்க?” என்று கேட்டான் ஜூலியன்.

“இது கடையில கிடைக்காது தம்பி. எட்டு வருஷம் தப்பில்லாம ஊதினாக் கிடைக்கும்.”

ஸ்வரம் எழுதிய லயனல் பிராட் அன்றைக்கு வரவில்லை. முப்பத்தாறு வயதில் அவருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, தாடை இரண்டும் உப்பி, வீட்டில் படுத்திருந்தார். அவர் எழுதிய ஸ்வரக் காகிதம் மட்டும் எதிரே ஒரு தாங்கியில் இருந்தது. ஹோரஸை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் பாட்டை மாட்டிவிட்டார்கள். அவர் காகிதத்தைப் பார்த்து ஊதினார்.

பாட்டு ஒரு பக்கம் போக, தன் வாத்தியம் வேறு பக்கம் போவது அவர் காதுக்கும் கேட்கத்தான் செய்தது. ஆனால் முடி வெட்டாதவர்களின் சங்கீதம் வேறு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

“மிஸ்டர் லம், அதை அப்படியே இன்னொரு தடவை ஊத முடியுமா?” என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தயாரிப்பாளரின் குரல் கேட்டது. குரல் கொஞ்சம் நடுங்கியது.

“அப்படியேன்னா? வேற எப்படி ஊதறதாம்? இருக்கறது ஒரே காகிதம்தானே” என்றார் ஹோரஸ். மூன்று தடவை ஊதினார். மூன்றும் மயிரிழை பிசகாமல் ஒரே மாதிரி இருந்தன.

முடித்துவிட்டு, வாத்தியத்துக்குள் தேங்கிய எச்சில் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தபோது, தற்செயலாக அவர் கண் காகிதத்தின் இடது ஓரத்துக்குப் போனது. ஐந்து கோடு போட்டு ஸ்வரம் எழுதும்போது, முகப்பில் ஒரு சுழி போடுவார்கள். எந்தக் கோட்டுக்கு எந்த ஸ்வரம் என்பதை அந்தச் சுழிதான் சொல்லும். மேல்ஸ்தாயிக்கு ஒரு சுழி, கீழ்ஸ்தாயிக்கு வேறு சுழி. பித்தளை பேண்டில், சின்னக் கார்னெட் முதல் பெரிய டியூபா வரை அநேகமாக எல்லாருக்குமே மேல்ஸ்தாயிச் சுழிதான். ஒருவன் நாளைக்கு வேறு வாத்தியத்துக்கு மாறினாலும் புதிதாகப் படிக்க வேண்டாம் என்று செய்த ஏற்பாடு. அதனால் பேண்டுக்காரன் எவனும் சுழியைப் பார்ப்பதே இல்லை. தன் வீட்டுக் கதவில் எழுதிய எண்ணை எவன் தினமும் படித்துவிட்டு உள்ளே போகிறான்?

லயனல் பிராட் சங்கீதக் கல்லூரியில் படித்தவர். முறைப்படி கீழ்ஸ்தாயிச் சுழி போட்டிருந்தார். காது மாதிரி வளைந்து, பக்கத்தில் இரண்டு புள்ளியோடு, அது ஹோரஸைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நம் கணக்கில் சொன்னால், லயனல் எழுதியது சாதுவான ஒரு சங்கராபரணம். ஹோரஸ் ஊதியது ஐந்து ஸ்வரம் மேலே ஏறி, காந்தாரமும் தைவதமும் நிஷாதமும் இறங்கிப்போன நடபைரவி. முதல் ஸ்வரத்திலிருந்து கடைசி ஸ்வரம் வரை ஒன்றுகூட எழுதினது இல்லை. ஹோரஸின் முகத்தில் ஈயாடவில்லை.

தப்பு என்றால் சொல்லிவிட வேண்டும். அவர் எழுந்து சொல்லத்தான் போனார். அதற்குள் ஜூலியன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். அவன் கன்னமெல்லாம் ஈரம்.

“எங்க அம்மாவை எனக்குத் திருப்பிக் குடுத்துட்டீங்க சார்!”

“அடடா. அம்மா தவறிட்டாங்களாப்பா?”

“இல்ல, ஸ்டாக்போர்ட்டுல இருக்காங்க.”

“அப்படியா. அது வந்து தம்பி, அந்தக் காகிதத்துல...”

“காகிதம் கிடக்குது சார்!” என்று தயாரிப்பாளரும் வந்து கட்டிக்கொண்டார். நாலு பத்துக்குப் பஸ். ஹோரஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“எப்படி ஊதினே?” என்று வீட்டில் மேவிஸ் கேட்டாள்.

“எழுதினதை ஊதினேன்” என்றார். சொல்லிவிட்டு, முன்னால் வைத்த, இறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரத்தைத் தொடாமல் படுக்கப் போனார். நாற்பத்து நாலு வயதில் அவர் சொன்ன முதல் பெரிய பொய் அது.

அந்தப் பாட்டு அவரை விடவில்லை. மீன் வறுவல் கடையில், பல் டாக்டர் அறையில், உறவுக்காரப் பெண்ணின் கல்யாணத்தில், எங்கே போனாலும் அந்த இடம் வரும். அவர் எழுந்து வெளியே போய்விடுவார். ஊருக்கென்னவோ பெருமைதான். “நம்ம ஹோரஸ் ஊதினது” என்று கடைக்காரர் வானொலியைப் பெரிதாக்குவார். பேண்டுக் கச்சேரியில் அதை ஒரு தடவை வாசிக்கலாமே என்று பீவர்ஸ் வருஷத்துக்கு ஒருமுறை கேட்பார். “அதெல்லாம் பேண்டுக்கு ஒத்துவராது, மிஸ்டர் பீவர்ஸ்” என்பார் ஹோரஸ். ஒத்திகையில் அவர் முன்னைவிடக் கடுமையானார். பெர்சிதான் பாவம்.

லயனல் பிராட் வாய் திறக்கவில்லை என்பது ஒரு நிம்மதி. அவர் எப்படித் திறப்பார்? ஹங்கேரி ஒப்பாரிக்காக அவருக்கு ஒரு பரிசே கொடுத்திருந்தார்கள். அவர் இறந்துபோன செய்தியைப் பத்திரிகையில் படித்த அன்று ஹோரஸ் இரண்டாவது கேக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு வெட்கப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை அவருக்காகத் தனியாக ஜெபம் செய்தார்.

தொண்ணூற்று நாலில், ஹோரஸுக்கு எழுபத்தொன்று நடக்கும்போது, லண்டன் வானொலியிலிருந்து இமோஜென் என்ற பெண் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தாள். பழைய பாட்டுகள் பிறந்த கதையைப் பற்றி அவள் நிகழ்ச்சி தயாரித்துக்கொண்டிருந்தாள். மேவிஸ் இஞ்சி கேக் வெட்டி வைத்தாள்.

“அன்னிக்கு என்ன நடந்துச்சு மிஸ்டர் லம்?”

“எழுதினதை ஊதினேன்மா.”

“அவ்வளவுதானா?” பெண்ணுக்கு ஏமாற்றம். “மழை ஏதாவது பெஞ்சுதா?”

“மான்செஸ்டர்மா அது. பெய்யாம இருக்குமா?”

அவள் பையிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். “உங்களுக்கு ஒரு ஆச்சரியம் வெச்சிருக்கேன். லயனல் பிராட்டோட மகள் பரண்ல இருந்து எடுத்துக் குடுத்தாங்க. அன்னிக்கு நீங்க பாத்து ஊதின அதே காகிதம்!”

இரண்டு புள்ளியும் மங்காமல் அப்படியே இருந்தன. ஹோரஸ் தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைப்பதற்குப் பதில் இஞ்சி கேக்மேல் வைத்தார்.

“உணர்ச்சிவசப்பட்டுட்டீங்க” என்று அவள் நெகிழ்ந்துபோனாள். “எனக்கு இந்தக் கோடு, புள்ளி எதுவும் படிக்கத் தெரியாது. லண்டன்ல ஒரு நிபுணர்கிட்டக் காட்டப்போறேன். நிகழ்ச்சியில அவர் விளக்கிச் சொல்வாரு. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்களேன்?”

தன் தண்டனை உத்தரவில் கையெழுத்துப் போடுவதுபோல் ஹோரஸ் போட்டார். அவருக்கென்று ஒரு நகலை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் கிளம்பினாள். நிகழ்ச்சி வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு. வியாழக்கிழமைதான் ஒத்திகை. பேண்டு மொத்தமும் அறையில் கூடி ஒன்றாகக் கேட்பது என்று அதற்குள் முடிவாகிவிட்டது.

“வயித்து வலின்னு சொல்லிட்டு வீட்லயே இரேன்” என்றாள் மேவிஸ். அவளிடமும் அவர் எதையும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் நாலு நாளாக அவர் ரொட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள்.

“நான் ஒத்திகைக்குப் போகாம இருந்ததே இல்ல” என்று கோட்டை மாட்டினார். நகலை மடித்து உள்பையில் வைத்துக்கொண்டார். ஏன் எடுத்துப் போனார் என்று அவருக்கே தெரியாது.

பேண்டு அறையில் வானொலியை நடுவில் வைத்து இருபத்தைந்து நாற்காலி போட்டிருந்தார்கள். ஹோரஸுக்கு முதல் வரிசை. கப்பல் கதை வந்தது, ஹங்கேரி வந்தது. பிறகு நிபுணரின் குரல் வந்தது. ஹோரஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

நிபுணர் சொன்னார்: “இந்தக் காகிதத்துல இருக்கறது ரொம்பச் சாதாரணமான மெட்டு. நாம கேக்கறது முழுக்க வேற. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு மேதையோட கை இருக்கு.”

அடுத்து அந்த மேதையே பேசினார். ஜூலியனின் குரல் இப்போது கனத்திருந்தது. “ஆமா. காகிதம் எனக்குப் பிடிக்கல, தூக்கிப் போட்டுட்டேன். அந்தப் பெரியவர் பக்கத்துல உக்காந்து, ஒவ்வொரு ஸ்வரமா பாடிக் காட்டினேன். ஒரு மணி நேரமாச்சு. பாவம், நல்ல மனுஷன். ஆனா அந்த மலைக்கிராமத்து பேண்டுக்காரங்க கொஞ்சம் மந்தம்.”

பிறகு ஹோரஸின் குரலில் “எழுதினதை ஊதினேன்” என்று ஒரு வரி. பின்னால் லேசான சிரிப்புச் சத்தம் சேர்த்திருந்தார்கள்.

வானொலியை யாரோ அணைத்தார்கள். ஹோரஸ் தப்பித்துவிட்டார். காகிதம் வெளியே வந்தும் அவர் பெயர் கெடவில்லை. இனி எப்போதும் கெடாது. பேசாமல் வாத்தியத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டால் போதும். அவர் காது மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

“ஒரு மணி நேரமா?” என்று கத்திக்கொண்டு எழுந்தார். “எனக்கு? ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்தானா? மூணு தடவை ஊதினேன், நாலு பத்து பஸ்ஸைப் புடிச்சேன்! அந்தப் பய எதையும் பாடல. அழுதுட்டு நின்னான்!” நகலை எடுத்து, பீவர்ஸின் தாங்கியில் பட்டென்று வைத்தார். “பாருங்க. எல்லாரும் வந்து பாருங்க. கீழ்ஸ்தாயிச் சுழி. நான் பாக்கல. தப்பாப் படிச்சேன். முதல் ஸ்வரத்துல இருந்து கடைசி வரைக்கும் தப்பு. ஆனா அது என் தப்பு. அவனோடது இல்ல!”

யாரும் எழுந்து வரவில்லை. பின்வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

“இதுதானா?” என்றார் பெர்சி. “நாலு நாளா நீ இருந்த இருப்பைப் பாத்து ஏதோ பெரிய வியாதின்னு நினைச்சு, என் பெண்டாட்டி சூப்பு வெச்சுக்கிட்டு இருக்கா.”

“உனக்குத் தெரியுமா?”

“நாங்களும் அதே சுழியிலதானே ஹோரஸ் ஊதறோம். ரெக்கார்டைக் கேட்ட அன்னிக்கே நீ ஊதினதைப் பென்சிலால எழுதி, முன்னால கீழ்ஸ்தாயிச் சுழியைப் போட்டுப் பாத்தேன், பாட்டோட அப்படியே ஒட்டிப்போச்சு. மிஸ்டர் பீவர்ஸும் பாத்தாரு.” பீவர்ஸ் கூரையைப் பார்த்தார்.

“இருபத்தேழு வருஷமா! ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல?”

பெர்சி நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார். “நீ என்னை எல்லார் முன்னாடியும் வெச்சுக் கிழிப்பியே, அப்பல்லாம் மனசுக்குள்ள அந்தப் பாட்டை முணுமுணுத்துக்குவேன். ரொம்ப ஆறுதலா இருக்கும். அதைச் சொல்லிட்டா, அப்புறம் எனக்கு என்ன இருக்கு?”

ஹோரஸ் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷமும் தான் காப்பாற்றிக்கொண்டிருந்த பெயரைப் பக்கத்து நாற்காலிக்காரர்தான் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார் என்பது மெதுவாகத்தான் உறைத்தது. பெர்சியிடம் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. பழக்கமில்லாததால் ஒன்றும் வரவில்லை. “மூக்கைத் துடைச்சுக்கிட்டு வாத்தியத்தை எடு” என்றார். அன்றைக்குப் பெர்சி இரண்டு இடத்தில் சறுக்கினார். ஹோரஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

மறுநாளே வானொலிக்குக் கடிதம் எழுதினார். சுழி, கோடு, ஸ்வரம் எல்லாம் படம் போட்டு, நாலு பக்கம்: இந்தத் தப்புக்கு முழுப் பொறுப்பும் என்னுடையதே, திருத்தம் ஒலிபரப்பவும். மூன்று வாரம் கழித்து இமோஜெனிடமிருந்து பதில் வந்தது. ஜன்னலோரம் நின்று படித்தவரின் முகம் போன போக்கைப் பார்த்து மேவிஸ் கடிதத்தை வாங்கினாள்.

“‘உங்கள் கடிதத்தை ஜூலியனிடம் காட்டினோம். அவர் மிகவும் நெகிழ்ந்துபோனார். தன் திறமையைத் தப்பு என்று சொல்லிக்கொள்ளும் உங்கள் தன்னடக்கம்...’” மேவிஸால் மேலே படிக்க முடியவில்லை. “தன்னடக்கமா? உனக்கா?” மாடிப்படியில் உட்கார்ந்து, இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“சிரிக்காதே. உண்மையைச் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க” என்றார் ஹோரஸ். இருபத்தேழு வருஷம் ஒளித்துவைத்த தப்பை இப்போது சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. அவருக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது. மேவிஸ் அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

“சரி, அந்த ஆள் எழுதினது எப்படித்தான் இருக்கும்? ஊதிக் காட்டேன்.”

ஹோரஸ் வாத்தியத்தை எடுத்துவந்து, நகலைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுழியைப் பார்த்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் எழுதினபடி சுத்தமாக ஊதினார்.

“என்ன இது, சோப்பு விளம்பரமா?” என்றாள் மேவிஸ்.

“எழுதினது இதுதான்.”

“நல்லாவே இல்லையே ஹோரஸ்.”

அவர் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஆமா” என்றார். “நல்லா இல்ல.”

“மத்ததை ஊது.”

அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, முதல் தடவையாக, தெரிந்தே அதைத் தப்பாக ஊதினார்.